புருணை சேரவில்லை: வீரசோழனில் ஒரு பகல்

புருணை என்று ஒரு நாடு இருப்பது ஆறு மாதத்துக்கு முன்புவரை எனக்குத் தெரியாது. மதுரையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். என்னோடு பைண்டிங் வேலை பார்க்கும் சாகுல்தான் அந்தப் பெயரைத் தினமும் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றினான். அவன் ஊர் வீரசோழன். "எங்க ஊருக்கு வந்து பாரு, புருணை மலேசியால சேரணுமா வேண்டாமான்னு கண்மாய்க் கரைல உக்காந்து சண்டை போடுவாக" என்றான். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கடல் தாண்டிய ராஜ்யத்துக்காகச் சண்டையா என்று சிரித்தேன். சிரித்ததோடு விடாமல் நேரில் பார்த்துவிடவும் கிளம்பினேன். 1963, ஆனி மாதக் கடைசி. சாகுல் இரண்டு நாள் முன்பே ஊருக்குப் போயிருந்தான்.

மதுரையிலிருந்து காலை ஐந்து மணி பஸ். அருப்புக்கோட்டை முப்பது மைல், ஒரு ரூபாய் இருபது நயா பைசா. ஏறும்போது அன்றைய பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். ஆறரைக்கு இறங்கியபோது தெருவெல்லாம் தறிச் சத்தம். டீக்கடையில் இரண்டு நெசவாளர்கள் தங்களுக்குள் தெலுங்கில் நூல் விலையைத் திட்டிவிட்டு, கடைக்காரரைத் தமிழில் திட்டினார்கள். டீ பத்துப் பைசா. திட்டத் தகுந்த டீதான்.

அங்கே பத்திரிகையைப் பிரித்ததும் செய்தி கிடைத்தது. மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ நான்கும் சேர்ந்து மலேசியா என்ற கூட்டாட்சி ஆகப்போகின்றன. புருணை மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆள்வது சுல்தான், காவல் வெள்ளைக்காரன், மண்ணுக்குக் கீழே எண்ணெய். பக்கத்து நாட்டோடு மொழியும் மார்க்கமும் ஒன்றாக இருந்தும் சேர மறுத்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. சின்ன வீட்டுக்காரன் சாவியைப் பெரிய வீட்டுக்காரனிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

ஏழேகாலுக்குத் திருச்சுழி பஸ். பத்து மைல், நாற்பத்தைந்து பைசா. இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். உழுதுபோட்ட நிலம் வெடித்துக் கிடந்தது. மழையை நம்பி விதைக் கம்பை வீட்டில் வைத்திருப்பவர்கள் சர்க்கார் ஆபீஸ் வாசலில் மனுக்களோடு நிற்பதைத் திருச்சுழியில் பார்த்தேன். எட்டு மணிக்கே முப்பது பேர். ஆபீஸ் பத்தரைக்குத்தான் திறக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். வேறு எங்கே போய் நிற்பது?

ஒன்பது இருபதுக்கு நரிக்குடி வழியாக வீரசோழன் போகும் பஸ் வந்தது. பதினைந்து மைல், அறுபத்தைந்து பைசா. இடம் கிடைத்தால் வலது பக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு. பாதி பஸ் ஆட்டுக்குட்டிகள். கண்டக்டர் என் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"வீரசோழன்ல யாரு வீட்டுக்கு?"

"ஒரு சிநேகிதன் வீட்டுக்கு. ஊர் எப்படி?"

"சுத்துப்பட்டி முச்சூடும் வானத்தப் பாப்பாக. அந்த ஊர்ல மட்டும் தபால்காரரப் பாப்பாக. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

பத்தே முக்காலுக்கு இறங்கினேன். கடைவீதியில் மீரான் என்பவரின் டீக்கடை. அதற்கு எதிரே பஞ்சாயத்து ரேடியோ. அதன் பாட்டரி தீர்ந்து பத்து நாளாகிறதாம். பத்திரிகைக் கட்டு சாயங்கால பஸ்ஸில்தான் வரும். ஆகவே அந்த நேரத்தில் அந்த ஊரில் செய்தி தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது எனக்குப் பெருமையாக இருந்தது. சாகுல் வரும்வரை காத்திருக்கலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தவன், யாரும் கேட்காமலே சத்தமாகச் சொன்னேன்.

"புருணை சேரலை. சுல்தான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். நல்ல வேலை செஞ்சார்."

மீரான் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "மெய்யாவா? பேப்பர்ல போட்டிருக்கா?"

காட்டினேன். ஆட்டுத் தரகர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே மார்க்கம், ஒரே பாஷை. சேந்தா என்ன கொறஞ்சு போகும்?" என்றார்.

"சேந்தவன் கதைய நம்மகிட்ட கேக்கச் சொல்லும்வே சுல்தான" என்றார் மீரான். "நம்ம ஊர நரிக்குடி பஞ்சாயத்து யூனியன்ல சேத்தாக. மூணு வருசமா ரேடியோவுக்குப் பாட்டரி வேணும்னாலும் நரிக்குடிக்கு மனுப் போடணும். எண்ணெய அவன் எடுத்துக்கிட்டு, விளக்க மட்டும் நீ எரிச்சுக்கோன்னுவான்."

"உமக்கு அங்க ஆளு இல்ல, பேசுவீரு" என்றார் தரகர். மீரான் மறுபடி டீ ஆற்றத் திரும்பிக்கொண்டார். எனக்குக் காரணம் புரியவில்லை.

சாகுல் வேகமாக வந்தான். முகம் வெளுத்திருந்தது. "ஏலே, வந்து எறங்குனதும் தம்பட்டம் அடிக்கணுமா? அக்காவுக்கு அதுக்குள்ள சேதி போயிருச்சு."

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். அவன் அக்கா ஆமினா. மச்சான் காதர் முதலில் பினாங்கில் இருந்தார். மலாயாக் குடியுரிமைக் காகிதம் அங்கே எடுத்தது. எட்டு வருஷத்துக்கு முன் முதலாளி அவரைப் புருணைக் கடைக்கு அனுப்பினார். அங்கே இருக்கத் தனிச் சீட்டு வேண்டும். போன டிசம்பரில் அங்கே கலகம் வந்து ஊரடங்கு போட்டபின், சீட்டோடு வெளியே போனவன் திரும்ப உள்ளே வருவது நிச்சயமில்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் மச்சான் எழுதினார்: புருணையும் மலேசியாவும் ஒரே நாடாகிவிட்டால் பினாங்குக் காகிதம் இங்கேயும் செல்லும், ஒரு தடவை வந்து போகலாம். அந்த ஒரு வரியை நம்பி, மகள் ஜெயினம்புவின் நிக்காஹை அக்கா இரண்டு தடவை தள்ளிப்போட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஆவணியில் கப்பல். இந்தத் தடவையும் தள்ளினால் வேறு பெண் பார்த்துவிடுவார்கள்.

"நிக்காஹுக்குத் தகப்பன் கட்டாயம் வரணுமா?" என்று கேட்டேன்.

"பொண்ணு சார்பா நிக்கிறது தகப்பன்தான். வலின்னு சொல்லுவோம். வர முடியலைன்னா, என் கூடப்பெறந்த தம்பி நிக்கட்டும்னு மச்சான் ஒரு காயிதம் போட்டா முடிஞ்சுச்சு. அந்தக் காயிதத்த அக்கா கேக்க மாட்டேங்குது. கேட்டா அவுக வரமாட்டாகன்னு ஆயிருமாம்."

வீட்டில் எனக்கு முன்கூடத்தில் பாய் விரித்தார்கள். உள்கதவின் திரைக்குப் பின்னாலிருந்து ஆமினா பேசினார். சோறும் ஆட்டுக்கறியும் வந்தன. சாப்பிட்டு முடிக்கும்வரை செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கை கழுவியதும்தான் குரல் வந்தது.

"தம்பி, நீங்கதான் பட்டுன்னு பேசுற ஆளாமே. கடைல பேசுனத சொன்னாக."

"தெரியாம பேசிட்டேங்க்கா."

"தப்பில்ல. எனக்கு ஒரு காயிதம் எழுதித் தரணும். மூன்றரை பஸ்ஸுல தபால்பை போயிரும்."

"நான் எழுதுறேனே" என்றான் சாகுல்.

"நீ எழுதுனா எல்லாரும் நலம்னு எழுதி மடிச்சிருவ. எட்டு வருசமா அதத்தான எழுதுற? அவுகளும் நாம நல்லாத்தான் இருக்கோம்னு நம்பிட்டாக."

திரைக்குப் பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஜெயினம்புவாக இருக்கும். சாகுல் விமானத் தபால் தாளை என்னிடம் நீட்டினான். பேனாவைத் திறந்தேன். ஆனால் ஆமினா சொல்லத் தொடங்கவில்லை. முதலில் ஒன்று கேட்டார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. புருணை சேந்திருந்தா அவுக வந்திருப்பாகளா?"

அந்தப் பத்திரிகையின் அதே பத்தியில், கடைசியில், இன்னொரு வரி இருந்தது. சரவாக்கும் வட போர்னியோவும் கூட்டாட்சியில் சேர்ந்தாலும், மலாயாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தனிச் சீட்டுக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அவை விட்டுக்கொடுக்காததைப் புருணை மட்டும் விட்டுக்கொடுத்திருக்குமா? சேர்ந்திருந்தாலும் காதரின் பினாங்குக் காகிதம் அங்கே செல்லாமலே போயிருக்கலாம். இந்த வீடு அரை வருஷமாகத் தவறான கதவுக்கு முன்னால் காத்திருந்திருக்கிறது. உண்மையை முகத்தில் அடித்தாற்போல் சொல்வதுதான் நேர்மை என்று அச்சகத்தில் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பத்திரிகை என் பைக்குள்தான் இருந்தது.

"வந்திருப்பாகக்கா" என்றேன்.



"அப்ப வர மனசில்லாம இல்ல. நாடுதான் விடலை. அது போதும். எழுதுங்க."

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் இங்கே எழுதக்கூடாதது. தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடப்பதையும், போன வருஷம் ஜெயினம்புவுக்கு வந்த காய்ச்சலை மறைத்ததையும் அன்றுதான் எழுதச் சொன்னார். பிறகு விஷயம். ஆவணி முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு நிக்காஹ். உங்கள் தம்பியை வலியாக நிறுத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். ஆமினா, "இன்னொண்ணு. நம்ம பத்து மணிக்கு அங்க மணி என்ன தம்பி?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பகல் பன்னிரண்டரை என்றேன்.

"பன்னிரண்டரைக்குக் கடைய விட்டு வெளிய வந்து மேக்க பாத்து நில்லுங்கன்னு எழுதுங்க. ஒங்க மகளுக்கு அப்பத்தான் முடியுது."

எழுதினேன். பிழை இருக்கிறதா என்று அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

மூன்றரை பஸ்ஸில் தபால்பையும் நானும் ஒன்றாகப் புறப்பட்டோம். நரிக்குடி தாண்டும்வரை கண்மாய்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றில்கூடத் தண்ணீர் இல்லை. பலவற்றில் கருவேலம் முளைத்து, மடை மண்ணுக்குள் புதைந்திருந்தது. புருணை சேர வேண்டுமா என்றால் இப்போதும் என் பதில் வேண்டாம் என்பதுதான். தன் வீட்டைத் தான் வைத்துக்கொள்ள அந்த ஜனங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்வி ஒரு கரிசல்காட்டுப் பெண்ணின் வீட்டு வாசலில் வந்து நிற்பதற்குச் சுல்தான் காரணமில்லை. இந்த மண்ணில் ஒரு மனிதன் தங்கிப் பிழைக்க வழி செய்யாதவர்கள் காரணம். அவர்கள் நரிக்குடியில் இருக்கிறார்கள், மதராஸில் இருக்கிறார்கள், டில்லியில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடல் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: மதுரையிலிருந்து போகவர நான்கு ரூபாய் அறுபது பைசா, டீ தனி. ஏழேகால் பஸ்ஸை அருப்புக்கோட்டையில் தவறவிட்டால் அன்று மூன்றரை பஸ்ஸைப் பிடித்துத் திரும்ப முடியாது. திருச்சுழியிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். வீரசோழனில் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அதனாலேயே கேட்கக்கூடாது. பத்திரிகை கொண்டுபோனால், அங்கே யார் யாருக்கு எந்த நாட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாயைத் திறவுங்கள். சாப்பாட்டுக்கு அழைத்தால் போங்கள். கடிதம் எழுதத் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்று சொல்லுங்கள்.

நேற்றுச் சாகுல் ஊரிலிருந்து திரும்பி வேலைக்கு வந்ததும் ஒரு தாளை என் மேஜையில் வைத்தான். புருணையிலிருந்து வந்த பதிலை அக்கா என்னிடம் காட்டச் சொன்னாராம். தம்பியை வலியாக நிறுத்துவதற்கான சம்மதமும் கையெழுத்தும் முறையாக இருந்தன. கீழே, வேறு மையில், பிறகு சேர்த்ததுபோல் ஒரு வரி: "அன்று பன்னிரண்டரை மணிக்குக் கடை சாத்தியிருக்கும்."