பிடித்தால் விடாத விரல்கள்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷமாகிறது. இப்போது நடக்கிறார், பேசுகிறார், என்னைத் திட்டுவதில் பழைய வேகம் அப்படியே இருக்கிறது. வலது கைதான் திரும்பவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி இறுகிவிட்டன. இடது கையால் பிரித்தால்தான் விரியும்.

அதனால் விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். குங்குமம் எடுக்க, சந்தனம் பூச, தட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் வலது கை வேண்டுமே. யார் அழைத்தாலும் "அம்மாவுக்கு முடியல" என்று மெசேஜ் தட்டுவது என் வேலை.

அப்புறம் அக்காவுக்கு வளைகாப்பு வந்தது. புந்தோங்கில் எங்கள் வீட்டு முன்னாலேயே கூடாரம் போட்டோம். முதல் வளையலை அம்மா போட வேண்டும். அவரோ அறையை விட்டு வரமாட்டேன் என்றார்.

"சித்தி போடட்டும். மொத வளையல எடது கையால போட்டா பாக்குறவங்க என்ன பேசுவாங்க?"

"பேசினா பேசட்டும் லா! எடது கையில போட்டா வளையல் ஒடைஞ்சிருமா?" காலேஜ் படித்த திமிர், எனக்கு எல்லாமே சிம்பிள்.

"ஒனக்காடா புள்ள பொறக்கப் போவுது? வாய மூடு."

வெளியே சித்தி வளையலை எடுத்ததும் அக்கா கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். "அம்மா வராம நான் கைய நீட்ட மாட்டேன்!" கூடாரம் முழுக்கக் கேட்டது.

அம்மா வந்தார். அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். சிவப்புக் கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து, மடங்கிய விரல்களுக்குள் சொருகினார். அது ஆடாமல் அசையாமல் நின்றது.

"இது விரியத்தான் மாட்டேங்குது. பிடிச்சா விடாது. நீ கைய உள்ள வுடு."

மாசமாக இருந்ததால் அக்கா கை வீங்கியிருந்தது. கட்டைவிரல் முட்டியில் வளையல் சிக்கியது.

"மெதுவா லா, ஒடைச்சிராத!" என்றார் சித்தி.

அக்கா விரல்களைக் குவித்துத் தள்ளினாள். அம்மாவின் பிடி இம்மியும் நகரவில்லை. வளையல் மணிக்கட்டுக்கு ஏறியது. ஆனால் அந்த விரல்கள் அதை விடவில்லை. வளையல் அக்கா கையில், அம்மாவின் விரல்கள் வளையலில். இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். அம்மா சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

வீடியோ எடுக்க வேண்டிய நான் போனைத் தொங்கவிட்டு வாயைப் பிளந்து நின்றேன். அந்த விரல்களை விரிக்க எத்தனை எண்ணெய், எத்தனை ரப்பர் பந்து, எவ்வளவு அதட்டல்! அவற்றால் எதையாவது பிடிக்க முடியும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அம்மா அறைக்குத் திரும்பவில்லை. எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து, இடது கையில் கரண்டி பிடித்துத் தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"பாரிட் புந்தார்ல நடக்குற கல்யாணத்துக்கு வரலன்னு சொல்லிட்டியா?"

"நேத்தே சொல்லிட்டேன்மா."

"வாரோம்னு மாத்திச் சொல்லு. நீதான் காடி ஓட்டணும்."