பின்னங்கால்களைப் பார்த்தவர்

போடியிலிருந்து குரங்கணி போகும் ஜீப்பில் என் பக்கத்தில் ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, மடியில் துணிப்பை. வெள்ளாட்டு மந்தையொன்று வழியை மறித்தபோது, கடைசி ஆடு கடக்கும்வரை குனிந்து அவற்றின் பின்னங்கால்களையே பார்த்தார்.

“ஆடு வாங்கவாண்ணே?” என்றேன்.

“இல்ல அப்பு. முன்ன மருந்து சோதிக்கிற எடத்துல செம்மறி மேய்ச்சேன்னு வையி. அதுக முதுகுத்தண்டுல வலி மருந்து ஏத்துவாக. நடக்கையில பின்னங்கால் இழுக்குதான்னு தெனம் பாத்துச் சொல்றதுதான் என் சோலி. இப்ப ஏலத்தோட்டத்துக் காவலுக்குப் போறேன். அங்க ஆடு கெடையாது.”

புற்றுநோய் வலிக்கு என் அம்மாவுக்கும் முதுகில்தான் மருந்து போகிறது, அதன் பிறகுதான் இரவில் தூங்குகிறாள் என்றேன்.

“நல்லா நடக்குறாகளா?”

“நடக்குறாகண்ணே.”

“அதுகளும் நல்லாத்தான் நடந்துச்சுக. நல்லா நடந்ததையும் கடைசில அறுத்து, தண்டு கெட்டிருக்கான்னு பாக்கணும்ல. அன்னைக்கு நாந்தான் கூட்டியாரணும். கயிறே வேண்டாம். கூப்பிட்டா என் பின்னாடியே வரும்.”

தோட்டத்துத் திருப்பத்தில் தனியாக இறங்கி மேலேறினார். அன்றிலிருந்து அம்மா அடுப்படிக்கு நடக்கும்போதெல்லாம் என் கண் அவள் கால்களுக்குத்தான் போகிறது.