அரைக் கிலோவுக்கு இடமில்லை

எங்கள் ஊர்க் கோயிலில் கிறிஸ்துமஸுக்கு நாடகம் போடுவார்கள். பெரும்பாலும் கஞ்சன் ஒருவன் கதைதான். ராத்திரி பேய் வந்து பயமுறுத்தும். விடிந்ததும் அவன் திருந்தி எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பான். சின்ன வயதில் நானும் கை தட்டியிருக்கிறேன். இப்போது அந்த நாடகத்தின் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதில் கஞ்சன் திருந்தும்போது, அவனால் நொந்துபோனவன் உயிரோடு இருக்கிறான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கத்தாரில், ராஸ் லஃபானில் பைப் ஃபிட்டராக இருந்தேன். கேம்ப்பில் ஒரு ரூமுக்கு ஆறு பேர். யார் லீவில் ஊருக்குப் போனாலும், மற்ற ஐந்து பேரின் வீட்டுக்கும் ஆளுக்கொரு சின்னப் பொட்டலம் கொண்டுபோவது எங்கள் வழக்கம். இன்ன நாள் இன்னார் வருகிறார் என்று முன்கூட்டியே வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். யாரும் மறுத்ததில்லை, என்னைத் தவிர. விமானத்தில் கொண்டுபோக விடும் முப்பது கிலோவும் எனக்கே வேண்டும். போர்வை, பால்பவுடர், அத்தர் என்று கொண்டுபோய் ஊரில் விற்பேன். ஒருவனுக்கு இடம் கொடுத்தால் எல்லோரும் வந்து நிற்பார்கள் என்பது என் கணக்கு. கஞ்சன் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். எனக்கு அது காதில் விழாது.

அடுக்குக் கட்டிலில் எனக்குக் கீழ்த்தட்டில் ஒரு வெல்டர் புதிதாக வந்திருந்தான். என் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் அவன் ஊர், அதே கடற்கரைதான். என் குணம் அவனுக்குத் தெரியாது. நான் டிசம்பரில் லீவில் போவதாகச் சொன்னதுமே, மகளுக்கு என்னிடம் ஷூ கொடுத்தனுப்புவதாக வீட்டுக்குச் சொல்லிவிட்டான். அவன் வீட்டில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டுத்தான் பேசுவான்.

நான் பெட்டி கட்டும்போது ஷூவோடு வந்தான். மகளின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து மனைவி அனுப்பியிருந்தாளாம். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தோஹா போய், நஜ்மா கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. மிதித்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னும். நான் முகத்தைத் திருப்பியதைப் பார்த்து, கட்டில் கம்பியில் தொங்கிய ஸ்பிரிங் தராசில் அதை மாட்டிக் காட்டினான். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. ஷூ ஆடியதில் விளக்கு மின்னியது.

“அரைக் கிலோகூட இல்லண்ணே.”

“மாஃபி தம்பி, இடம் இல்ல” என்றேன்.

அவன் ஷூவை அலமாரி மேல் வைத்துவிட்டு, என் பெட்டிக்குக் கயிறு கட்ட வந்து பிடித்துக்கொண்டான்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், அவன் அடுத்து போன் செய்யும் வெள்ளிக்கிழமைக்கு முன்பே, அவன் மனைவி மகளோடு என் வீட்டு வாசலில் நின்றாள். விற்க வைத்திருந்த போர்வைகள் தெரியாமல் இருக்க உள்வாசல் திரையை இழுத்துவிட்டேன். பிள்ளைக்கு ஆறு வயதிருக்கும். அவள் கால் இரண்டும் ஈரமாக இருந்தன. புது ஷூவைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று எங்கள் தெருக்குழாயில் கழுவிவிட்டு வந்திருக்கிறாள். என் ஒரு பெட்டி விமானத்தில் தொலைந்துவிட்டது, ஷூ அதில்தான் இருந்தது என்றேன். கூசாமல் சொன்னேன். பிள்ளை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணோ என்னைத் தேற்றினாள். கணவனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு டப்பா முந்திரிக்கொத்தும் தந்துவிட்டுப் போனாள்.

திரும்பிப் போய் அந்த டப்பாவை அவனிடம் கொடுத்தேன். அவன் அதைத் திறந்து முதல் உருண்டையை எனக்குத்தான் தந்தான். ஷூவைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு காலை டியூட்டி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அவன் எழவில்லை. “யல்லா, பஸ் வந்துட்டு” என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். உடம்பு சில்லென்று இருந்தது. தூக்கத்திலேயே போயிருக்கிறான். முப்பத்திரண்டு வயது.

அவன் சாமான்களைக் கட்டி உடலோடு அனுப்பச் சொன்னார்கள். மற்றவர்கள் வருவதற்குள் நான் அந்த ஷூவை எடுத்து என் அலமாரியின் அடித்தட்டில் ஒளித்தேன். அது பெட்டியில் போனால் என் பொய் அவன் வீட்டில் தெரிந்துவிடும். பிணம் ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்கும்போது எனக்கு இந்த யோசனைதான் ஓடியது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

கோடையில் எனக்கு நைட் டியூட்டி. ஜன்னலில் அட்டை அடைத்து, பகலை இருட்டாக்கிவிட்டுத் தூங்குவோம். ஏசி நின்று நின்று ஓடும். ஓடத் தொடங்கும்போது தகர அலமாரி அதிரும். ஒரு நண்பகலில் விழித்துப் பார்த்தேன். அலமாரிக் கதவின் இடுக்கில் சிவப்பாக ஏதோ மின்னி அணைந்தது. ஏசி நின்று மறுபடி ஓடியது. மறுபடி மின்னியது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தேன். அவன் கட்டில் காலியாகவே கிடந்தது. அலமாரியைத் திறந்து ஷூவைக் கையில் எடுத்தேன். உள்ளே அந்தப் பென்சில் காகிதம் மடித்து வைத்திருந்தது. சின்னப் பாதம், ஐந்து விரல். கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் தம்பி என்று அந்தக் காலிக் கட்டிலிடம் சொன்னேன்.

அடுத்த டிசம்பரில் என் பெட்டியில் எனக்கென்று இரண்டு சட்டைதான். மற்றதெல்லாம் ரூம்காரர்களின் பொட்டலங்கள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஊருக்குப் போன மறுநாளே, இரண்டு பஸ் மாறி அவன் வீட்டுக்குப் போனேன். பிள்ளை ஓடிவந்து ஷூவுக்குள் காலை விட்டாள். குதிகால் நுழையவில்லை. ஒரு வருடத்தில் வளர்ந்திருந்தாள்.

“தொலஞ்ச பெட்டி கெடச்சிட்டா மாமா?” என்று கேட்டாள்.

இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை. பெட்டி தொலையவே இல்லை, நான்தான் ஷூவைக் கொண்டுவர மறுத்தேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

“பெட்டி தொலஞ்சிட்டுன்னு போன்ல இவ அப்பாட்டச் சொன்னேன். ‘தொலஞ்சிட்டா?’ன்னு ரெண்டு தடவ கேட்டாவ. பொறவு, ‘ஆமா, தொலஞ்சுதான் போச்சு. அண்ணனே நொந்து போயிருப்பாவ, இனி அதக் கேக்காத’ன்னு சொன்னாவ.”

பிள்ளை ஷூவுக்குள் கைகளை விட்டு, தரையில் தட்டித் தட்டி நடக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தது.

“உங்ககிட்ட ஒருநாளாவது கோவமா பேசுனாவளா அண்ணே?” என்று அவன் மனைவி கேட்டாள்.

“இல்லம்மா” என்றேன்.