பெரியம்மாவின் வழக்கு

நான் கொண்டுபோன பழத்தை வாங்கப் பெரியம்மா கையை நீட்டியபோதுதான் அந்த மணிக்கட்டைப் பார்த்தேன். கயிறு அழுந்திய தடம் சுற்றிலும் கன்றிப்போயிருந்தது. என்னவென்று கேட்டதும் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டார். முதியோர் இல்லத்து மேலாளர்தான் பதில் சொன்னார். "ராத்திரியில எந்திரிச்சு நடக்குறாங்க சார். வுழுந்துடக் கூடாதேன்னுதான் கட்டுனோம்."

பெரம்பலூருக்கு வெளியே இருந்த அந்த இல்லம் பெரியம்மாவே தேடிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா இறந்த பிறகு யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதென்று, சேமிப்பை முன்பணமாகக் கட்டிச் சேர்ந்திருந்தார். அன்றே அவரை அரியலூரில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வழியில் அரசு மருத்துவமனையில் காயத்தைக் காட்டிச் சீட்டும் வாங்கிக்கொண்டோம்.

சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்ததும் வக்கீல் தேடி அலைவது எனக்கு வழக்கமாயிற்று. பெரம்பலூரில் ஒருவர், இல்லத்துக்காரர் தனக்கு வேண்டியவர் என்று கைவிரித்தார். இன்னொருவர் விவரம் கேட்கும் முன்பே ஃபீஸைச் சொன்னார். கேட்ட பிறகு, "வயசானவங்க சாட்சியெல்லாம் நிக்காது, சமாதானமாப் போயிடுங்க" என்றார். கடைசியில் உடன் வேலை பார்த்தவர் சொல்லி, அரியலூரிலேயே ஒரு பெண் வக்கீலிடம் போனேன். நான் இரண்டு வார்த்தை பேசியதுமே, "அவங்கள அழைச்சிட்டு வாங்க. நடந்தது அவங்களுக்குத்தானே" என்றார்.

மறுநாள் பெரியம்மாவை உட்காரவைத்து, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். நஷ்ட ஈடு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் பெரியம்மா பேசிவிட்டார். "அங்க ரூம் கதவுல வெளிப்பக்கமா தாப்பா வெச்சிருக்காங்க. அதக் கழட்டணும். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருக்கு, அதுக்குப் பேச்சு வராது. அதையும் கட்டிப் போடுறாங்க." இதையெல்லாம் அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

ஃபீஸ் விஷயத்தை வக்கீல் ஒளிக்காமல் பேசினார். கோர்ட் செலவு உடனே வேண்டும், தன் ஃபீஸைத் தவணையாகத் தரலாம் என்றார். நான் பர்ஸை எடுத்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பென்ஷன்ல நானே குடுத்துக்குறேன். நீ குடுத்தா அது ஒங்கேசா ஆயிடும்ப்பா."

நுகர்வோர் மன்றத்தில் வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று இல்லத்திலிருந்து ஆள் வந்தது. பெரியம்மா அசையவில்லை. அதற்குள் வக்கீல், பேச்சு வராத அந்த அம்மாவின் மகள் வேப்பந்தட்டையில் இருப்பதை விசாரித்துத் தகவல் சொன்னார். மகள் வந்து தாயை அழைத்துப்போன பிறகு இல்லத்துக்காரர் இறங்கி வந்தார். இனி யாரையும் கட்டுவதில்லை, பூட்டுவதில்லை என்று மன்றத்தில் எழுதிக் கொடுத்தார். பணமும் திரும்பி வந்தது. அதன் பிறகும் பென்ஷன் வாங்குகிற நாளில் பெரியம்மா தானே நடந்துபோய் வக்கீலின் பாக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா இப்போது இல்லை. முதியோர் இல்ல விவகாரம் என்று யாராவது என்னிடம் வக்கீல் கேட்டு வந்தால், அந்த வக்கீலம்மாவிடம்தான் அனுப்புகிறேன்.

எழுதிக் கொடுத்தால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னதால், வழக்கு முடிந்த கையோடு நாங்கள் மூவரும் ஒரு நாள் அந்த இல்லத்துக்குப் போயிருந்தோம். பெரியம்மா இருந்த அறையின் கதவில், தாழ்ப்பாளின் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் மட்டும் இருந்தன. பெரியம்மா தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நானும் வக்கீலும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவரே கதவைத் திறந்துகொண்டு வந்து, "சரி, போலாம்" என்றார்.