நாடி திறந்ததென்று நம்பிய ஐந்து நாட்கள்

முதலில் மதமதத்தது என் இடது கன்னம். அதைக் கண்டு நான் பயப்படவில்லை, பெருமைப்பட்டேன். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ ஆஸ்பத்திரியில் எனக்கு வந்த இதே நோயைச் சொல்லி அனுப்பியிருந்தால், என் முட்டாள்தனத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பாக்கார் ஆராங்கில் என் கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தாறு வயதில் எனக்கு யோகா ஆசிரியை ஆகும் ஆசை வந்தது. சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் வார இறுதிப் பயிற்சி. ஆசனங்களைவிட எனக்குச் சொற்கள்தான் பிடித்தன. பிராணன் என்றால் உயிர்க்காற்று. நாடி என்றால் அது ஓடும் வழி. இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, நடுவில் சுழுமுனை. பருப்பு நிறுத்துக்கொண்டே மனப்பாடம் செய்தேன்.

கணவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று இருந்தது. சவாசனம். மல்லாந்து அசையாமல் கிடக்கும் பயிற்சி அது. உடன் படித்த சீனப் பெண்களுக்கு அது ஓர் அழகான வடமொழிப் பெயர். நமக்கோ முதல் இரண்டு எழுத்திலேயே விஷயம் விளங்கிவிடும். "நடுவீட்டுல படுத்துக்கிட்டு அந்தப் பேரச் சொல்லாத லா," என்பார். நான் சிரிப்பேன்.

செய்முறைத் தேர்வு நெருங்கியது. வீட்டில் சர்வாங்காசனம் (தோள்களில் உடலைத் தாங்கிக் கால்களை மேலே நிறுத்துவது) செய்து பழகினேன். தோளுக்கடியில் போர்வை மடித்து வைக்க வேண்டும், மேலே இருக்கும்போது தலையைத் திருப்பக் கூடாது என்று ஆசிரியை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் போர்வையும் வைக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கத் தலையையும் திருப்பினேன். பின்கழுத்தில் சுளீரென்றது. தைலம் தேய்த்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

மறுநாள் காலை இடது கன்னம் மதமதவென்றிருந்தது. இடப்பக்கம். அப்படியானால் இடகலை! நோட்டை எடுத்து, 'நாடி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'திறக்கிறது' என்று எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் கணவர் தே ஓ (பாலில்லாத தேநீர்) கலக்கிக் கொடுத்தார். கண்ணாடிக் கிளாசை வலது கையால் இறுகப் பிடித்திருந்தேன். அவர் முகம் மாறியது.

"உனக்குச் சுடலையா?"

"இல்லையே."

"கொதிக்கக் கொதிக்க ஊத்துனேன்மா. கையப் பாரு!"

உள்ளங்கை சிவந்து கிடந்தது. அது வேறு யாருடைய கையோ போல இருந்தது. ஒரு வாய் குடித்தேன், தேநீர் மூக்கில் ஏறியது. எழுந்தேன், தரை இடப்பக்கமாகச் சரிந்தது. அப்போதுதான் பயம் வந்தது. இன்றுவரை அது முழுதாகப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"கன்னம் எப்பலேர்ந்து இப்படி இருக்கு அக்கா?"

"அஞ்சு நாளா."

"அஞ்சு நாளா? ஏன் வரல?"

பக்கத்தில் கணவர் நின்றிருந்தார். நாக்கு கூசியது. "நாடி திறக்குதுன்னு நெனச்சேன் டாக்டர்."

டாக்டரம்மா சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எழுதுவதை நிறுத்திவிட்டு, நேராக எம்ஆர்ஐ (காந்தப் புலத்தால் உடலின் உள்ளே படமெடுப்பது) எடுக்க அனுப்பினார்.

படமெடுக்கும் கருவியின் குழாய்க்குள் என்னைத் தள்ளும் முன் பணியாளர் மலாயில் சொன்னார்: "ஜாங்ஙான் கெராக், புவான்." அசையாதீர்கள் அம்மா. மல்லாந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, கண்ணை மூடிக் கிடந்தேன். நூறு முறை பழகிய நிலைதான். கணவர் வெறுத்த அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது. காது கிழியும் இரைச்சலுக்குள் 'சாகப் போகிறேன், சாகப் போகிறேன்' என்று மட்டுமே எனக்குக் கேட்டது. பயிற்சியில் கற்ற ஒரு சொல்லும் கைகொடுக்கவில்லை.

டாக்டரம்மா தாளில் ஒரு கழுத்தை வரைந்தார். "இதுவும் வழிதான் அக்கா. மூளைக்கு ரத்தம் போற வழி. இதோட உள்சுவர் கிழிஞ்சிருக்கு. அதுல உறைஞ்ச ரத்தம் கொஞ்சம் மேல போயி, மூளைத்தண்டுல சின்ன ஸ்ட்ரோக் (பக்கவாதம்) ஆக்கிருச்சு. அந்த எடத்துல வந்தா முகம் ஒரு பக்கமும் கை மறுபக்கமும் மரத்துப்போகும்."

"ஒட்டிக்குமா?"

"நெறைய பேருக்கு ஒட்டிக்கும். மூணு மாசம் மருந்து சாப்பிடுங்க, பிறகு படம் எடுத்துப் பார்ப்போம். அதுவரைக்கும் கழுத்து பத்திரம்."

ஒட்டாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தவளுக்கு என்ன கேள்வி வேண்டிக்கிடக்கிறது?

அந்த மூன்று மாதமும் தும்மக்கூடப் பயந்தேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பினேன். தினமும் காலையில் ஈயக்கரண்டியை இரண்டு கன்னத்திலும், பிறகு இரண்டு கையிலும் வைத்து, சில்லென்று தெரிகிறதா என்று பார்ப்பேன். வலது கையில் ஒரு நாள் லேசாகக் குளிர்ந்தது. கரண்டியோடு கடைக்கு ஓடிப்போய்க் கணவரிடம் அழுதேன்.

இரண்டாம் படத்தில் கிழிசல் ஒட்டியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஒட்டியது ரத்தக்குழாய் மட்டுமே, பயம் அப்படியே இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், அதற்காக வெட்கப்படாதீர்கள்.

இப்போது ஆசிரியையின் துணையாக, உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளை மட்டும் நடத்துகிறேன். போன மாதம், திகாம் பத்துவிலிருந்து வரும் ஒரு பள்ளி ஆசிரியை கேட்டார்: "அக்கா, கால் மதமதன்னு இருக்கு. பிராணன் ஓடுதோ?"

கார் சாவி என் கைக்கு எப்படி வந்ததென்று தெரியாது. பக்கவாதமா என்று பார்க்க அவரைச் சிரிக்கச் சொன்னேன், இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். சம்மணமிட்டதில் கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கணவரும் கேலி செய்தார்.

வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் சவாசனம். அந்தப் பெயரை நான் சொல்வதில்லை. "மல்லாந்து படுங்க, கண்ண மூடுங்க" என்று மட்டும் சொல்கிறேன். பதினொரு பேர் அசையாமல் கிடப்பார்கள். நான் கண்ணைத் திறந்துவைத்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். பதினொன்றாவது நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விடுகிறேன்.