மச்சக் கத்தியும் கூறைச்சேலையும்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒளித்துவைத்தேன். அதற்குக் காரணம், நூறு வருடங்களுக்கும் முன்பு வாழ்ந்த ஓர் ஓவியர்.

லண்டன் லூயிஷாமில் எங்கள் வகுப்பு ஆசிரியை அந்தக் கிழமை முழுவதும் அவரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். தலை தொங்கிய சூரியகாந்திகள், பிய்ந்த சப்பாத்துகள், ஆள் உட்காராத ஒரு வெறும் கதிரை என்று மற்றவர்கள் திரும்பியும் பாராதவற்றை மினக்கெட்டு வரைந்த மனிதர். படங்கள் விலைபோகவில்லை. தம்பிதான் வர்ணம் அனுப்பிக்கொண்டிருந்தாராம். கவலை முற்றிய ஒரு நாள் தன் காதைத் தானே அறுத்துக்கொண்டார். இளவயதில் அவர் லண்டனில், எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில்தான் வாடகைக்கு இருந்தார் என்றும் ஆசிரியை சொன்னார். எங்கள் வீட்டுச் சின்ன அறையிலும் கவலையான ஒருவர், வாடகை இல்லாமல், இருந்தார்.

அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடங்கள். விசா வழக்கு ஒருமுறை தோற்று, மேல்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. முதலில் என்னோடு கரம் சுண்டி விளையாடினார். பிறகு சாப்பிட மட்டும் கீழே வந்தார். அந்தக் குளிர்காலத்தில் அதற்கும் வரவில்லை. அம்மா சாப்பாட்டை மேலே கொண்டுபோய், முக்கால்வாசியைத் திருப்பிக் கொண்டுவருவார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் வாங்கப் போன நேரம் பார்த்து நான் காரியத்தில் இறங்கினேன். கிடைத்ததையெல்லாம் ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு, அம்மா அப்பாவின் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்துத் திறந்தேன். அம்மாவின் கூறைச்சேலை இருக்கும் பெட்டி அது, யாரும் தொடமாட்டார்கள். சேலையைத் தூக்கினால், அடியில் அப்பாவின் சவர அலகுகளும், குளியலறை அலுமாரியிலிருந்து காணாமல்போயிருந்த மருந்துகளும் கிடந்தன. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்பாவுக்கும் அந்த ஓவியரின் கதை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் திட்டத்தில் ஒரே பிழை, மீனை வெட்டக் கத்தி வேண்டும் என்பதை மறந்ததுதான். எங்கள் வீட்டில் மரக்கறிக்கு ஒரு கத்தி, மீன் இறைச்சிக்கு ஒரு மச்சக் கத்தி. இரண்டும் ஒன்றையொன்று தொட்டாலே அம்மா மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். நானோ இரண்டையும் ஒன்றாகச் சுற்றி, தாலி கட்டின சேலையோடு படுக்கவைத்திருந்தேன். அம்மா கேட்ட கேள்வியில் பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மேலே கூட்டிப்போய்க் காட்டினேன்.

"கூறைக்குள்ளயோ மச்சக் கத்தியை வச்சனி?"

அழுதுகொண்டே காரணத்தைச் சொன்னேன். "அவர் கவலையில காதை வெட்டினவர். மாமாவும் வெட்டிப்போடுவாரெண்டு பயமாக் கிடந்தது."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அம்மா கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாசலில் அப்பா வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சின்ன அறையின் கதவு திறந்தது. தாடியும் கசங்கிய சேர்ட்டுமாக மாமா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"வெட்டின பிறகு அவர் என்ன செய்தவர், பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

"கட்டுப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பாத்துத் தன்னையே படம் கீறினவர். பிறகும் கனக்கக் கீறினவர்."

ஆசிரியை எங்களுக்கு அதுவரைதான் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகான முடிவு எட்டு வயதுப் பிள்ளைகளுக்குரியது இல்லை என்று நினைத்திருப்பார். அதை நான் வளர்ந்துதான் படித்தேன்.

மாமா தாடியைச் சொறிந்தபடி பெட்டியைப் பார்த்தார். சேலைக்கு அடியில் இருந்ததும் அவர் கண்ணில் பட்டது.

"அக்கா, கத்தியைத் தாங்கோ. மீனை நான் வெட்டுறன்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா மெல்லத் தலையசைத்தார். அம்மா கத்தியைத் திருப்பி, பிடியை மாமாவின் பக்கம் நீட்டினார்.

அன்றோடு மாமாவின் கவலை பறந்துவிடவில்லை. அடுத்த கிழமை அப்பா அவரை டொக்டரிடம் கூட்டிப்போனார். வழக்கு வெல்ல இன்னும் ஒரு வருடம் எடுத்தது. இன்று அவருக்குக் குட்மேய்ஸில் வீடு, பொல்லாத இரண்டு பிள்ளைகள். வரவேற்பறையில் நான் அந்தக் கிழமை வரைந்த, தலை தொங்கிய சூரியகாந்தி மாட்டியிருக்கிறது. நல்லதாக ஒன்று வரைந்து தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், அவர் கழற்ற விடுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா செதில் சுரண்டி, துண்டு துண்டாக அழகாகவே வெட்டினார். மீன் வாடை பிடிக்காத அப்பா கடைசித் துண்டுவரை குசினி வாசலை விட்டு நகரவில்லை. அம்மா ஒரே சட்டியை மூன்று தரம் கழுவினார். இவர்கள் ஏன் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான்தான் ஸ்டூலில் ஏறி நின்று, மாமாவின் இரண்டு காதுகளையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே.