எந்த பிளாக்?

சுரங்க டவுன்ஷிப் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற எவரையும் “எந்த பிளாக்?” என்றுதான் அந்தப் பெரியவர் முதலில் கேட்பார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில், பிளாக்கில் குவார்ட்டர்ஸ் வாங்கித் தரும் பர்மனென்ட் ஊழியரின் அட்டை. அன்று என்னையும் கேட்டார்.

“பிளாக் இல்லங்க, வெளியில வடக்குத்து கிராமம். அப்பா மைன்ஸ்ல காண்ட்ராக்ட்.”

“நீ என்ன பண்ற?”

நட்சத்திர ஒளியைப் பிரித்து, நட்சத்திரக் கொத்துகளில் இரும்பு எவ்வளவு என்று அளக்கும் ஆராய்ச்சி என்றேன். ஒரு கொத்தின் நட்சத்திரங்கள் ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை என்பதால் அளவு ஒத்திருக்கும் என்று பெருமையோடு விளக்கினேன்.

“ஒண்ணு மட்டும் ஒத்து வரலன்னா?”

“அது வெளியிலேருந்து வந்ததுங்க. பட்டியல்லேருந்து எடுத்துடுவோம்.”

“அப்ப நீ எந்திரி. நம்ம பிளாக்குக்காரர் ஏறுறாரு.”

பஸ்ஸே சிரித்தது. நான் எழுந்து நின்றேன்.

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்றும் பட்டியலிலிருந்து ஒரு நட்சத்திரத்தை நீக்கும்போது, “எந்த பிளாக்?” என்று என் வாயே கேட்கிறது.